எலுமிச்சம்பழம் கொடுத்த டாக்டர்

பல் ஈறு வீங்கும். ரத்தம் வடியும். காலில் கருநீலத் திட்டு விழும். பிறகு சாவுதான்! காய், பழம் இல்லாமல் மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகளை 'ஸ்கர்வி' நோய் இப்படித்தான் கொன்றது.

அதற்கு வழி கண்டவர் ஜேம்ஸ் லிண்ட். 1716-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தவர். பிரிட்டிஷ் கடற்படை டாக்டர்.

1747-ம் ஆண்டு மே மாதம். 'சாலிஸ்பரி' கப்பலில் 12 நோயாளிகளை அவர் தனியே படுக்க வைத்தார். எல்லோருக்கும் கஞ்சி, ஆட்டுக்கறி சூப் என்று ஒரே சாப்பாடு. மருந்து மட்டும் இரண்டு இரண்டு பேருக்கு வெவ்வேறு. இருவருக்கு வினிகர். இருவருக்குக் கடல் தண்ணீர். இன்னும் இருவருக்குத் தினம் 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சம்பழம்.

6 நாளில் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் பழம் தின்ற ஒருவர் வேலைக்குத் தயார்! மற்றவர், நோயாளிகளைக் கவனிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

1753-ல் லிண்ட் இதைப் புத்தகமாக எழுதினார். ஆனால், சாறு கெடாதிருக்க அதைச் சூடாக்கி வற்ற வைக்கச் சொன்னார். அதில் பலன் குறைந்தது. நோயைத் தீர்த்தது 'வைட்டமின் சி'. சூட்டில் அது அழியும். அன்று அது யாருக்கும் தெரியாது.

1794-ல் லிண்ட் இறந்தார். மறு ஆண்டுதான் மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்கக் கடற்படை உத்தரவிட்டது. ஸ்கர்வி அடங்கியது.

சாறு மட்டும் குடித்துப் பட்டினி கிடந்தால் எந்த நோயும் போகும் என்பவர்கள் இன்றும் உண்டு. லிண்டின் நோயாளிகள் பட்டினி கிடக்கவில்லை. குறைந்த சத்தைப் பழம் கொடுத்தது, பிழைத்தார்கள். சாற்றில் புரதம் மிகக் குறைவு. நாரும் சக்கையோடு போய்விடும்.

பழத்தைத் தின்னுங்கள். சாப்பாட்டையும் விடாதீர்கள்!