ஆர்வில் ரைட்

காவிரி பாயும் தஞ்சை நாட்டில், வாய்க்கால் நீர் மேட்டிலிருந்து மடை வழியே தானே வயலுக்கு இறங்குவதைக் காண்கிறோம். மடையை அளவாகத் திறந்தால் பயிர் செழிக்கும். கரையில் கசிவு கண்டால் விளைவு கெடும். முதன்முதலில் வானில் பறந்த விமானம் ஒன்றின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது.

அவ்விமானத்தை ஓட்டிய ஆர்வில் ரைட், 1871ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டேட்டன் நகரில் பிறந்தார். தமையனார் வில்பருடன் மிதிவண்டிக் கடை நடத்திவந்த அவர், தம் கையாலேயே விமானம் அமைக்க முற்பட்டார். அதற்கேற்ற இலேசான இயந்திரம் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே, அவர்களுடைய கடையில் வேலை பார்த்த சார்லஸ் டெய்லர் ஆறே வாரங்களில் ஒன்றைச் செய்து முடித்தார்.

1903 பிப்ரவரியில் அதனை ஓட்டிச் சோதித்தபோது, சொட்டிய பெட்ரோல் சுழலும் தண்டினைத் தாங்கும் உறுப்புகளின்மேல் விழுந்தது. அவை இறுகிக்கொண்டன, இயந்திரத்தின் கூடு பிளந்தது. சில சொட்டுகளால் பல வார உழைப்பு பாழாயிற்று. எனினும் சகோதரர்கள் மனந்தளரவில்லை. புதிய கூட்டை வார்ப்பித்து, மே மாதத்தில் மீண்டும் சோதித்தனர்.

விமானத்தில் பெட்ரோலை இறைக்கும் கருவி ஏதுமில்லை. உயரத்தில் கட்டிய சிறு கலத்திலிருந்து அது குழாய் வழியே தானே இறங்கிற்று. மடையைப்போல் அமைந்த திருகு ஒன்றினால் அதன் அளவைப் புறப்படுமுன்னரே வரையறுத்தனர். இயந்திரத்தின் வெப்பத்தால் அது ஆவியாகிக் காற்றுடன் கலந்து எரிந்தது.

1903 டிசம்பர் 17ஆம் நாள், கிட்டி ஹாக் என்னும் ஊரையடுத்த மணல்வெளியில், ஆர்வில் 12 வினாடிகளில் 120 அடி தொலைவு பறந்தார். 1912இல் தமையனாரை இழந்த அவர், 1948இல் மறைந்தார். சிறு கசிவையும் புறக்கணியாமல் திருத்திய பொறுமையே, மனிதனுக்கு வானவழியைத் திறந்தது.