ஊட்டியை உருவாக்கியவரின் கல்லறை

இந்தக் கோடையில் நம் குடியிருப்பிலிருந்து பலர் ஊட்டி போய் வந்தீர்கள். வர்க்கி கொடுத்தனுப்பியவர்களுக்கு நன்றி. நீங்கள் படகில் சுற்றிய ஏரியை வெட்டச் செய்தவர் எங்கே அடங்கியிருக்கிறார் தெரியுமா?

அவர் ஜான் சல்லிவன். 1788இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தராகச் சேர்ந்தார். (நானும் எழுத்தராகச் சேர்ந்தவன்தான், அப்படியே ஓய்வும் பெற்றேன்!) 1815இல் கோயம்புத்தூர் கலெக்டரானார். 1819 ஜனவரியில் நீலகிரி ஏறியவர், கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் முதல் பங்களாவைக் கட்டினார். பிறகு ஊட்டியில் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கி, கல் பங்களா எழுப்பினார். இன்று அங்கே அரசு கலைக் கல்லூரி இருக்கிறது.

நாம் சமைக்கும் உருளைக்கிழங்கை அந்த மலையில் பயிரிட வழிசெய்தவரும் அவரே. ஏரியும் படகுக்காக வெட்டியதல்ல, பாசனத்தை நினைத்து வெட்டியது. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடமும் அன்று ஏரிப் பரப்புதான்.

ஒரு ரூபாய்க்கு வாங்கியது நியாயமா என்று கேட்பீர்கள். எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் மலை நிலம் தோடர்களுக்கே சொந்தம் என்று கம்பெனி மேலிடத்தோடு வாதாடியவரும் அவர்தான். அதனால் மேலிடத்தில் விரோதமும் சம்பாதித்தார்.

1838இல் அவருடைய மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருவரையும் அடக்கம் செய்தார்கள். சல்லிவன் 1841இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். மனைவியும் மகளும் இங்கே, அவர் அங்கே.

1855 ஜனவரி 16ஆம் தேதி அவர் காலமானார். அடக்கம் செய்த இடத்தை ஊட்டியும் மறந்தது, இங்கிலாந்தும் மறந்தது. 2009இல்தான் நீலகிரி ஆவண மையத்தின் முயற்சியால், லண்டனுக்கு மேற்கே ஸ்லாவ் நகரின் அப்டன் செயின்ட் லாரன்ஸ் தேவாலயத்தில் புதர் மூடிக் கிடந்த கல்லறை தெரிய வந்தது. அதே தேவாலயத்தில்தான் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலும் அடங்கியிருக்கிறார். அவரைத் தேடிப் போனவர்கள்கூட இவரைக் கவனிக்கவில்லை போலும்.

பிள்ளைகள் லண்டன் பக்கம் இருந்தால் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள். அடுத்த முறை ஊட்டி போகிறவர்கள் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் பின்புறம் ஏறிப் பாருங்கள். சரிவு அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி எடுத்துச் செல்லவும்.