மூவிரல் வீரர் மொர்டெக்காய் பிரவுன்

பள்ளித் திடலில் நீங்கள் ரவுண்டர்ஸ் ஆடுகின்றீர்கள். ஒருவர் பந்தை எறிய, மற்றொருவர் மட்டையால் அடித்துவிட்டு ஓடுகின்றார். அதனோடு உறவுடைய ஆட்டமே அமெரிக்க மக்கள் பெரிதும் விரும்பும் பேஸ்பால். அவ்வாட்டத்தில் பந்தெறிபவருக்கு விரல்களே மூலதனம். விரல்களின் பிடியைக் கொண்டுதான் அவர் பந்தைச் சுழற்றியும் வளைத்தும் எறிவார். அத்தகைய ஆட்டத்தில், எறியும் கை சிதைந்த ஒருவர் தலைசிறந்த வீரராய் விளங்கினார் என்றால் வியப்பன்றோ? அவர்தாம் மொர்டெக்காய் பிரவுன்.

பிரவுன் 1876ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள், இந்தியானா மாநிலத்திலுள்ள நைஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். அமெரிக்கா தன் விடுதலையை அறிவித்து நூறு ஆண்டுகள் நிறைந்த ஆண்டு அது. ஆகவே, நூற்றாண்டைக் குறிக்கும் 'சென்டென்னியல்' என்னும் சொல்லையும் அவர் பெயரோடு சேர்த்து வைத்தனர்.

சிறுவனாக இருந்தபோது, பண்ணையில் கால்நடைத் தீவனம் நறுக்கும் எந்திரத்தில் அவருடைய வலக்கை சிக்கிக்கொண்டது. சுட்டுவிரல் பெரும்பகுதி துண்டாயிற்று. மற்ற விரல்களும் காயமுற்றன. அப்புண் ஆறுவதற்குள் மீண்டும் ஒருமுறை கீழே விழுந்து அதே கையின் எலும்புகளை முறித்துக்கொண்டார். முறிந்த விரல்கள் நேராகக் கூடவில்லை. நடுவிரல் வளைந்துபோயிற்று, சுண்டுவிரல் வலுவிழந்தது. பின்னாளில் 'மூவிரல் பிரவுன்' என்று உலகம் அவரை அழைத்ததற்கு இதுவே காரணம்.

கை ஊனமாயிற்றே என்று வீட்டில் முடங்கியிருக்க அவரால் இயலவில்லை. வளர்ந்ததும் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கி உழைத்தார். இருளிலும் புழுதியிலும் பாடுபட்ட தொழிலாளர்கள், ஓய்வு நேரங்களில் தங்களுக்குள் குழு அமைத்துப் பேஸ்பால் ஆடுவது அக்கால வழக்கம். பிரவுனும் அத்தகைய குழுவொன்றில் ஆடினார். முதலில் அவர் பந்தெறிபவர் அல்லர். மூன்றாம் தளத்தைக் காப்பவர். ஒருநாள் பந்தெறிய வேண்டியவர் ஆட இயலாமற்போகவே, அப்பணி பிரவுனிடம் வந்தது.

அன்றுதான் அந்தக் கையின் அருமை வெளிப்பட்டது. எஞ்சிய விரல் துண்டும் வளைந்த நடுவிரலும் பந்தைப் பற்றிய விதம் பிறருடைய பிடிக்கு மாறாக இருந்தது. ஆதலால் பந்து புதுமையாகச் சுழன்றது. மட்டையருகே வரும்போது திடீரெனத் தாழ்ந்தது. அடிப்பவர் காற்றை அடித்துவிட்டுத் திகைத்து நின்றார்.

1901இல் டெரி ஹோட் நகரக் குழுவிலும், 1902இல் ஓமகா குழுவிலும் ஊதியம் பெற்று ஆடினார். 1903ஆம் ஆண்டு, தம் 26ஆம் வயதில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழுவின் வழியாகப் பெருங்கழக ஆட்டத்தில் அடியெடுத்து வைத்தார். அவ்வாண்டு அக்குழு கடைசி இடத்தையே பெற்றது. பிரவுனும் 9 ஆட்டங்களில் வென்று 13இல் தோற்றார். குழு அவரைச் சிகாகோ கப்ஸ் குழுவுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது.

சிகாகோவில் அவர் புகழ் ஓங்கியது. 1906 முதல் 1911 வரை ஆண்டுதோறும் 20க்குக் குறையாத ஆட்டங்களில் வென்றார். 1908ஆம் ஆண்டு, சிகாகோவும் நியூயார்க் ஜயன்ட்ஸ் குழுவும் சம நிலையில் நின்றன. அக்டோபர் 8ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த ஆட்டமே முடிவு கூறும். அங்கே முதற் சுற்றிலேயே சிகாகோவின் பந்தெறிபவர் தடுமாறினார். எதிரணிக்கு ஆரவாரம் செய்யும் பெருங்கூட்டத்தின் நடுவே பிரவுன் அழைக்கப்பட்டார். எதிரே பந்தெறிந்தவரோ பெரும்புகழ் வாய்ந்த கிறிஸ்டி மாத்தியூசன். பிரவுன் கலங்காமல் ஆட்டம் முடியும்வரை எறிந்தார். சிகாகோ 4க்கு 2 என்று வென்றது. அதனைத் தொடர்ந்து உலகத் தொடரையும் கைப்பற்றியது. சிகாகோ கப்ஸ் மீண்டும் அப்பட்டத்தைப் பெற 2016ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று!

பெருங்கழகங்களில் மொத்தம் 239 வெற்றிகளைக் குவித்த பிரவுன், ஓய்வுபெற்றபின் டெரி ஹோட் நகரில் பெட்ரோல் நிலையம் நடத்தி எளிமையாக வாழ்ந்தார். 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டே பேஸ்பால் புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அப்பெருமையைக் காண அவர் இல்லை.

விரல் போனதனால்தான் வெற்றி வந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. எந்திரத்தில் விரலிழந்தோர் எத்தனையோ பேர். மிஞ்சிய கையைக் கொண்டு என்ன செய்யலாம் என்று எறிந்து எறிந்து பழகியவர் பிரவுன். பெற்றோர்களே, எந்திரங்களின் அருகே பிள்ளைகளை விடாதீர்கள். குறையோடு வளரும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இவனால் ஆகாது என்று முன்கூட்டியே தீர்ப்புக் கூறாதீர்கள். மாணவர்களே, உங்கள் வகுப்பில் அத்தகைய தோழன் இருந்தால், அடுத்த ஆட்டத்தில் பந்தை அவன் கையிலும் கொடுத்துப் பாருங்கள்.