சூளைக்குள் போன வர்ணங்கள்

பிக்காசோ என்றதும் 'குவர்னிக்கா' ஓவியமும் சமாதானப் புறாவும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கைகள் களிமண்ணிலும் நெடுங்காலம் உழைத்தன என்பதைப் பலர் அறியார்.

1946ஆம் ஆண்டு கோடைகாலம். தென் பிரான்சிலுள்ள வல்லோரிஸ் என்ற ஊரில் நடந்த மட்பாண்டக் கண்காட்சியைப் பார்க்கப் போனார் அவர். அப்போது வயது 64. உலகப் புகழும் வந்துவிட்டது. வல்லோரிஸ் தலைமுறை தலைமுறையாகச் சமையல் சட்டி வனைந்த ஊர். உலோகச் சட்டிகள் வந்தபின் அத்தொழில் நலிந்து போயிருந்தது. அங்கே ஜோர்ஜ், சுசான் ரமியே தம்பதியரின் மதூரா பட்டறையில் சில சிறு உருவங்களைச் செய்து வைத்துவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டு வந்தபோது அவை சுடப்பட்டுப் பத்திரமாக இருந்தன. அதன்பின் அந்தப் பட்டறையை அவர் விடவில்லை.

சித்திர வகுப்பில் பிழையாகத் தீட்டிய நிறத்தை மேலே இன்னொன்றைப் பூசி மறைத்துவிடலாம். மட்பாண்டத்தில் அது நடக்காது. கறுப்பாகத் தெரியும் கோபால்ட் தூள் சூளையிலிருந்து நீலமாக வெளிவரும். தீட்டும்போது கண்ணுக்குத் தெரியாத நிறத்தை நம்பித்தான் தீட்ட வேண்டும். வெப்பம் சற்று மாறினாலும் உழைப்பெல்லாம் வீண். அத்தனை பெரிய ஓவியர் அந்த வயதில் மீண்டும் மாணவராகத்தான் இருக்க வேண்டியிருந்தது.

சக்கரத்தில் பாண்டம் வனைந்து கொடுத்தவர் ஜூல் அகார் என்ற குயவர். ஈரம் காயுமுன் அதன் கழுத்தை அழுத்தி, வளைத்து, பிக்காசோ அதைப் புறாவாகவோ பெண்ணாகவோ மாற்றிவிடுவார். உடைந்த சட்டித் துண்டுகளையும் சூளைச் செங்கற்களையும்கூட அவர் விட்டுவைக்கவில்லை. அவற்றிலும் முகங்களைத் தீட்டினார்.

அவரது 600க்கும் மேற்பட்ட வடிவங்களைப் பட்டறையினர் பல பிரதிகளாகச் செய்து விற்றார்கள். சாதாரண மக்களும் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று அவையே ஏலத்தில் பெருந்தொகைக்குப் போகின்றன! அவற்றின் அடியில் பிக்காசோவின் பெயரும் மதூராவின் பெயரும் முத்திரையாகப் பதிந்திருக்கும். அகாரின் பெயர் அந்த முத்திரைகளில் இல்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது.

வல்லோரிசுக்கோ நல்ல காலம் பிறந்தது. பிக்காசோவின் பெயரைக் கேட்டு இளம் கலைஞர்கள் பலர் அங்கு வந்து சேர்ந்தார்கள். ஊரார் அவரைக் கௌரவப் பிரஜையாக்கினார்கள். ஆட்டைச் சுமந்து நிற்கும் மனிதனின் வெண்கலச் சிலையொன்றை அவர் ஊருக்கு வழங்கினார். 1950இல் சதுக்கத்தில் நிறுவப்பட்ட அச்சிலை இன்றும் அங்கேதான் நிற்கிறது.