சேவைக்கும் பயிற்சி வேண்டும் என்ற அம்மையார்

ராயபுரம் அரத்தூன் ரோடு பக்கம் போய் வந்தவர்களுக்கு அங்கேயுள்ள பார்சிகளின் அக்னிக் கோயில் தெரிந்திருக்கும். வெளியே நின்று பார்த்ததோடு சரி. உள்ளே பார்சிகளுக்கு மட்டுமே அனுமதி. சிறு வயதிலேயே இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாக பிரோஜ் கிளப்வாலா என்பவர் 1910-ல் கட்டிக் கொடுத்தது அது. சென்னையில் பார்சிகள் எப்போதுமே சில நூறு பேர்தான். அந்தச் சின்னச் சமூகத்திலிருந்து வந்து, கிளப்வாலா என்ற பெயரை ஊர் முழுக்க அறியச் செய்தவர் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ்.

இன்ஜினியர்கள் மலரில் ஒரு சமூக சேவகியைப் பற்றி எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், நம்ம எண்ணூர், திருவொற்றியூர் கம்பெனிகளும் இதில் வருகின்றன.

மேரி அம்மையார் 1909 ஜூன் 10-ம் தேதி உதகமண்டலத்தில் பிறந்தார். தந்தை ரஸ்தம் பட்டேல், தாய் அல்லாமாய். பள்ளிப்படிப்பு சென்னையில். 18 வயதில் நோகி கிளப்வாலாவுடன் திருமணம். 1930-ல் ஒரு மகன் பிறந்தான். 1935-ல் கணவர் நோயுற்றுக் காலமானார். அப்போது அம்மையாருக்கு 26 வயதுதான், கையில் சின்னக் குழந்தை. வீட்டோடு முடங்கிவிடாமல், 1923 முதல் சென்னையில் இயங்கி வந்த கில்ட் ஆஃப் சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பில் முழுமூச்சாக இறங்கினார்.

அடுத்து உலகப் போர் வந்தது. 1942-ல் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள் தங்கியிருந்தார்கள். வேலை முடிந்தால் பொழுதுபோக்க அவர்களுக்குப் பெரிதாக வசதி கிடையாது. அம்மையார் பல சமூகங்களைச் சேர்ந்த பெண்களை ஒன்று சேர்த்து இந்திய விருந்தோம்பல் குழுவை ஆரம்பித்தார். நடமாடும் கேன்டீன், ஆஸ்பத்திரியில் காயம்பட்டவர்களைப் போய்ப் பார்ப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குக் கைவேலை சொல்லிக் கொடுப்பது, நிதி திரட்டுவது என்று வேலைகள் நடந்தன. போர் முடிந்த பிறகும் குழுவைக் கலைக்கவில்லை. ஊர் திரும்பிய வீரர்களின் குடும்பங்களுக்கு உதவி தொடர்ந்தது. பர்மா முனையில் வென்ற 14-வது படை, நன்றியாக ஒரு ஜப்பானிய வாளை அவருக்குப் பரிசளித்தது. பின்னாளில் ராணுவ அதிகாரி சந்திரகாந்த் ஜாதவை மணந்துகொண்டார்.

இத்தனை வருட அனுபவத்தில் அவர் கண்டுகொண்டதுதான் முக்கியம். தொண்டு செய்ய நல்ல மனசு வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. அனாதைக் குழந்தைக்குச் சோறு போட்டுவிடலாம். அந்தக் குழந்தை ஏன் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டும். பம்பாயில் கிளிஃபோர்ட் மான்ஷார்ட் தலைமையில் 1936-லேயே டாட்டா அறக்கட்டளை சமூகப்பணிக்கு ஒரு பள்ளி தொடங்கியிருந்தது. சென்னையில் அந்தக் குறையைத் தீர்க்க, 1952-ல் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க் உருவானது. அதை நிறுவியவர் நம் அம்மையார். இப்போது எழும்பூர் காசா மேஜர் ரோட்டில் இருக்கிற கல்லூரிதான் அது.

சமூகப்பணிப் படிப்பில் வகுப்போடு களப்பணியும் கட்டாயம். மாணவர்கள் ஆஸ்பத்திரி, குடிசைப் பகுதி, தொழிற்சாலை என்று போய் வேலை பார்க்க வேண்டும். பார்த்ததைக் குறிப்பெழுதி ஆசிரியரிடம் காட்டித் திருத்தம் வாங்க வேண்டும். நமக்கு இன்பிளான்ட் டிரெய்னிங் மாதிரிதான், கொஞ்சம் கடுமையாக.

இங்கேதான் நம்ம பேட்டை வருகிறது. 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49-வது பிரிவு, 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நல அலுவலர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றது. அதே 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கி எண்ணூரில் தொழிற்சாலை வந்தது; 1955-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்ட்; 1969-ல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. மெஷின் ஓட்ட ஆள் தயாரிக்க பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் இருந்தன. மெஷின் பக்கத்தில் நிற்கிற மனிதனின் கடன், குடி, வீட்டுச் சண்டை, குழந்தையின் படிப்பு, இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்க ஆள் தயாரிப்பது யார்? அந்த வேலையை ஏற்றுக்கொண்டவை இந்த மாதிரிப் பள்ளிகள்தான்.

அம்மையாருக்கு 1955-ல் பத்மஸ்ரீ, 1968-ல் பத்மபூஷண், 1975-ல் பத்மவிபூஷண் விருதுகள் கிடைத்தன. அந்த 1975-லேயே காலமானார்.

ஷாப் ஃப்ளோரில் பத்துப் பதினைந்து வருடம் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு பேரிங் சூடானால் உடனே ஓடுகிறோம். ஒரு ஆள் மூன்று நாள் சொல்லாமல் லீவு போட்டால் சார்ஜ் மெமோ அடிக்கிறோம். அவன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிற வழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு? கான்ட்ராக்ட் ஆட்கள் என்றால் பேர்கூடத் தெரியாது, கேட் பாஸ் நம்பர்தான் தெரியும். பெர்மனென்ட் ஆளுக்கு இருக்கிற பிரச்சினை அவருக்கும் உண்டு. போய்ச் சொல்லத்தான் இடமில்லை.

நம் சங்கத்திலும் ஆண்டுதோறும் நோட்டுப் புத்தகம் கொடுக்கிறோம், அன்னதானம் செய்கிறோம். நல்ல காரியம், தொடரட்டும். இந்த வருடம் அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் விண்ணப்பம். சமூகப்பணி படித்த ஒருவரை அழைத்து வந்து, காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் நிஜமாகவே என்ன தேவை என்று முதலில் கேட்டறிவோம். பிறகு பணத்தை எடுப்போம். மேனேஜர் நாற்காலியில் இருக்கும் சீனியர் அண்ணன்மார், தங்கள் கம்பெனி நல அலுவலர் கான்ட்ராக்ட் தொழிலாளிகளையும் வாரம் ஒரு மணி நேரமாவது சந்திக்கும்படி செய்தால் இன்னும் நல்லது. பொதுக்குழுவில் இதை முன்மொழிகிறேன். நண்பர்கள் வழிமொழிவார்கள் என்று நம்புகிறேன்.