ஜார்ஜ் டி ஹெவெசி

ஜார்ஜ் டி ஹெவெசி (ஆகஸ்ட் 1, 1885 – ஜூலை 5, 1966) ஹங்கேரியில் பிறந்த வேதியியலாளர் ஆவார். கதிரியக்க அணுக்களைத் தடங்காட்டிகளாகக் கொண்டு, உயிரினங்களின் உடலில் தனிமங்கள் செல்லும் வழியை அறியும் முறையை உருவாக்கினார். இதற்காக 1943 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு இவருக்கு வழங்கப்பட்டது. எலும்பு, மூட்டு நோய்களை அறிய இன்று செய்யப்படும் முழுவுடல் எலும்பு ஸ்கேனுக்கு இவரது ஆய்வுகள் அடிப்படையாக அமைந்தன.

தொடக்க கால ஆய்வுகள்

ஹெவெசி புடாபெஸ்ட் நகரில் யூத வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1908 இல் ஜெர்மனியின் பிரைபர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1911 இல் மான்செஸ்டரில் ரதர்போர்டின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஈயத்துடன் கலந்திருந்த ரேடியம்-டி என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுக்கும் பணி இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பலமுறை முயன்றும் இயலவில்லை. ரேடியம்-டி ஈயத்தின் ஓரிடத்தான், அதாவது நிறை மட்டும் வேறுபட்ட ஈய அணு, என்பதே அதற்குக் காரணமாகும்.

இத்தோல்வியே புதிய வழியைக் காட்டியது. ஈயத்துடன் சிறிதளவு ரேடியம்-டி சேர்த்துவிட்டால், ஈயம் செல்லும் இடமெல்லாம் கதிர்வீச்சு அதனைக் காட்டிக்கொடுக்கும். 1913 இல் வியன்னாவில் பிரிட்ஸ் பனெத்துடன் இணைந்து இம்முறையைச் செய்து காட்டினார். 1923 இல் தாவரங்கள் ஈயத்தை உறிஞ்சுவதை இவ்வாறே ஆராய்ந்தார். அதே ஆண்டில் டிர்க் காஸ்டருடன் ஹாஃப்னியம் தனிமத்தின் கண்டுபிடிப்பை வெளியிட்டார்.

எலும்பு பற்றிய ஆய்வு

நாட்சி ஆட்சியின் காரணமாக 1934 இல் பிரைபர்க் பேராசிரியர் பணியைத் துறந்து, கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்துக்குச் சென்றார். 1935 இல் ஷீவிட்ஸ் என்பவருடன் சேர்ந்து, கதிரியக்க பாஸ்பரஸ்-32 கலந்த உணவை எலிகளுக்கு அளித்தார். வளர்ச்சி முடிந்த எலிகளின் எலும்புகளிலும் அப்பாஸ்பரஸ் சேர்ந்தது. பின்னர் அதில் ஒரு பகுதி வெளியேறியது. எலும்பு மாறாத தூண் அன்று, இடையறாது புதுப்பிக்கப்படும் உயிருள்ள திசு என்பது இதனால் புலனாயிற்று.

பாஸ்பரஸ்-32 வெளியிடும் பீட்டா கதிர்கள் உடலைக் கடந்து வெளிவருவதில்லை. ஆகவே எலும்பை எடுத்தே அளக்க வேண்டியிருந்தது. 1971 இல் சுப்பிரமணியன், மெக்காஃபி ஆகியோர் டெக்னீசியம்-99எம் உடன் பாஸ்பேட்டைப் பிணைத்து இக்குறையைத் தீர்த்தனர். இதன் அரைவாழ்வுக் காலம் 6 மணி நேரம். இதன் காமா கதிர்கள் உடலைக் கடந்து வெளிவரும். நோயாளியின் சிரையில் இது செலுத்தப்பட்டுச் சுமார் 3 மணி நேரத்துக்குப் பின் தலை முதல் கால் வரை படம் எடுக்கப்படுகிறது.

புற்றுநோய்ப் பரவல், மயிரிழை முறிவு, தொற்று, மூட்டழற்சி ஆகியவற்றால் எலும்பு மிகுதியாக உருவாகும் இடங்களில் இப்பொருள் கூடுதலாகச் சேரும். எக்ஸ்-கதிர்ப் படத்தில் மாற்றம் தெரியும் முன்பே பல வேளைகளில் இதில் தெரிந்துவிடும். ஆனால் எந்த நோய் என்பதை இப்படம் மட்டும் உறுதி செய்யாது. புதிய எலும்பு உருவாகாத மல்டிபிள் மைலோமா போன்ற நோய்கள் இதில் தவறிவிடவும் கூடும்.

போர்க்காலமும் இறுதிக்காலமும்

1940 இல் ஜெர்மானியப் படை கோபன்ஹேகனைக் கைப்பற்றியது. பாதுகாப்புக்காக அங்கு வைக்கப்பட்டிருந்த மாக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் பிராங்க் ஆகியோரின் தங்க நோபல் பதக்கங்களை ஹெவெசி இராச திராவகத்தில் கரைத்து மறைத்தார். போருக்குப் பின் அத்தங்கம் மீட்கப்பட்டு மீண்டும் பதக்கங்களாக்கப்பட்டது. இவர் 1943 இல் சுவீடனுக்குத் தப்பிச் சென்றார். 1949 இல் காப்ளி பதக்கம் பெற்றார். 1966 இல் பிரைபர்க்கில் காலமானார். 2001 இல் இவரது அஸ்தி புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டது.