ஒரு கட்டிலும் ஒரு பயிற்சியாளரும்: பிராஞ்ச் ரிக்கி

இந்த இதழின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் நாம் சந்திக்கப் போவது, நம்மில் பலர் பார்த்தே இராத பேஸ்பால் விளையாட்டைச் சேர்ந்த ஒருவரை. விளையாட்டின் விதிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இவரது கதை புரியும்.

பிராஞ்ச் ரிக்கி 1881 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தெய்வபக்தி மிகுந்த வீடு. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கின்படி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் விளையாடியதே இல்லை. ஒஹாயோ வெஸ்லியன் கல்லூரியில் படித்தபோது கோடை விடுமுறையில் பணம் வாங்கிக்கொண்டு விளையாடியதால், கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்தார். ஆட முடியாதவரை அதே கல்லூரி பேஸ்பால் அணிக்குப் பயிற்சியாளராக்கியது. அப்போது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர்.

அந்த அணியில் சார்லஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். ஒருமுறை நோட்டர் டேம் கல்லூரியுடன் மோத, அணி இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகருக்குப் போனது. மற்ற எல்லோருக்கும் அறை கொடுத்த ஓட்டல், தாமஸுக்கு மட்டும் மறுத்தது. ரிக்கி விடவில்லை. வாதாடி, தன் அறையிலேயே இன்னொரு கட்டில் போடச் சம்மதிக்க வைத்தார். அன்றிரவு தாமஸ் அழுதுகொண்டே, கறுப்பு நிறத்தைத் தேய்த்து எடுத்துவிட முடியாதா என்பதுபோல் தன் கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்தக் காட்சியை ரிக்கி வாழ்நாள் முழுவதும் பலரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். தாமஸ் பின்னாளில் பல் மருத்துவரானார்.

ரிக்கி பெரிய அணிகளில் 'கேட்ச்சர்', அதாவது நம் விக்கெட் கீப்பர் போன்ற இடத்தில் ஆடினார். அதில் பெரிதாகச் சோபிக்கவில்லை. 1907-ல் அவர் ஆடிய ஓர் ஆட்டத்தில் எதிரணி 13 'பேஸ்'களைத் திருடியது! அடுத்துக் காசநோய் வந்தது. குணமானதும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார்; 1910 முதல் 1913 வரை அதன் பேஸ்பால் அணிக்குப் பயிற்சியளித்தார். அங்கே கண்டெடுத்த மாணவர் ஜார்ஜ் சிஸ்லர். 1920-ல் ஒரே பருவத்தில் 257 'ஹிட்'கள் அடித்த சிஸ்லரின் சாதனை, 2004 வரை நிலைத்தது.

கல்லூரியை விட்டு செயின்ட் லூயிஸ் நகர அணிகளுக்குப் போன பிறகும் ரிக்கி ஆசிரியராகவே இருந்தார். சறுக்கி விழுந்து பழக மணற்குழி, பந்தைக் குறிபார்த்து வீச கயிற்றுச் சட்டம் என்று பயிற்சியைப் பாடமாக்கினார். சிறு ஊர் அணிகளில் இளைஞர்களை வளர்த்துப் பெரிய அணிக்கு அனுப்பும் முறையையும் அவரே கட்டியெழுப்பினார். சம்பள விஷயத்தில் மட்டும் படு கெட்டி!

1880-களுக்குப் பிறகு பெரிய பேஸ்பால் அணிகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. எழுதப்படாத இந்தச் சட்டத்தை உடைக்க, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவராக இருந்த ரிக்கி முடிவு செய்தார். நல்ல ஆட்டக்காரர்கள் கிடைப்பார்கள், கூட்டமும் வரும் என்ற வியாபாரக் கணக்கும் அதில் இருந்தது. 1945 ஆகஸ்ட் 28 அன்று ஜாக்கி ராபின்சனை அழைத்து ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். அறை தர மறுக்கும் ஓட்டல் ஊழியராகவும், வசைபாடும் எதிரணிக்காரராகவும் தானே நடித்துக் காட்டினார். திருப்பி அடிக்காமல் இருக்க முடியுமா என்று சோதித்தார். ராபின்சன் சம்மதித்தார். 1947 ஏப்ரல் 15 அன்று ராபின்சன் களம் இறங்கினார். வசைகளையும் மிரட்டல்களையும் தாங்கி, அந்த ஆண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதையும் வென்றார். திட்டம் ரிக்கியுடையது, அடி வாங்கிப் பொறுத்தது ராபின்சன். இதை மறக்கக் கூடாது.

1965 நவம்பரில் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோதே மயங்கி விழுந்த ரிக்கி, டிசம்பர் 9 அன்று காலமானார். 1967-ல் பேஸ்பால் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

சவுத் பெண்டில் அந்த இளம் பயிற்சியாளரால் ஓட்டலின் விதியை மாற்ற முடியவில்லை. ஆனால் தன் அறையில் ஒரு கட்டில் போட முடிந்தது. லிஃப்ட், நாற்காலி, தண்ணீர் டம்ளர் என நம் குடியிருப்பிலும் யாருக்கு எது என்ற எழுதாத விதிகள் இருக்கின்றனவா? வீட்டில் பிள்ளைகளோடு இதைப் பேசிப் பாருங்கள்.